தூங்காத புரூஃப் ரீடர்

பதினைந்து வருடங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த பத்திரிகை ஒன்றில் நடந்தது. ஆங்கிலத்திலிருந்து வந்த அட்டைப்படக் கட்டுரை எட்டுப் பக்கம். அச்சுக்குப் போக ஒரு ராத்திரிதான் அவகாசம். நான்கு பேர் ஆளுக்கு இரண்டு பக்கம் என்று பிரித்துக்கொண்டு மொழிபெயர்த்தோம். நான்கு பேருமே பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஒவ்வொருவர் பகுதியையும் தனியாகப் படித்தால் குறை சொல்ல இடமில்லை. இதழ் கடைக்குப் போய் ஒரு வாரம் கழித்து வாசகர் ஒருவர் கார்டு போட்டிருந்தார். ஒரே ஊழலை மூன்று அமைப்புகள் விசாரிக்கின்றனவா என்று கேட்டிருந்தார். எடுத்துப் பார்த்தோம். இரண்டாம் பக்கத்தில் 'விசாரணை கமிஷன்', நான்காம் பக்கத்தில் 'விசாரணை ஆணையம்', ஏழாம் பக்கத்தில் 'விசாரணைக் குழு'. மூன்றும் ஒன்றுதான்.

தப்பு யாருடையது என்று ஒரு நாள் முழுக்க விவாதம் நடந்தது. யாருடையதும் இல்லை. எட்டுப் பக்கங்களையும் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் படிக்க அந்த ராத்திரியில் ஆள் இல்லை. அவ்வளவுதான்.

லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று சமீபத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அந்த கார்டு நினைவுக்கு வந்தது. அங்கே விவகாரம் எட்டுப் பக்கம் அல்ல. சுமார் 4 கோடி வரிகள். இரண்டு இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை புதிய வெளியீடு வருகிறது. ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கும் அதிகமான திருத்தங்கள். அவற்றைச் செய்பவர்கள் சுமார் 2,000 பேர். பெரும்பாலோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஒருவர் ஜெர்மனியில், ஒருவர் பெங்களூரில், ஒருவர் பெய்ஜிங்கில். ஒருவர் தூங்கப் போகும்போது இன்னொருவர் காபி போடுகிறார்.

இது ஏதோ கம்ப்யூட்டர் பித்தர்களின் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் சட்டைப் பையில் இருப்பது ஆண்ட்ராய்ட் போன் என்றால் அதற்குள் ஓடுவது லினக்ஸ்தான். உலகின் அதிவேக 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து எல்லாமே லினக்ஸில் ஓடுபவைதான். இதற்கு முதலாளி என்று யாரும் கிடையாது. ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில், பொழுதுபோக்காக ஒன்று செய்துகொண்டிருப்பதாகச் சொல்லி ஆரம்பித்தது. முதலில் வெளியானபோது சுமார் 10,000 வரிகள். அதை ஒருவர் முழுக்கப் படித்துவிடலாம். 4 கோடியை யாரும் படிக்க முடியாது.

இதன் மையப் பகுதிக்குப் பெயர் கெர்னல். மொழிபெயர்ப்பாளனுக்கு இங்கே ஒரு சங்கடம். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு நம் வீட்டில் உள்ள சொல் பருப்பு. ஓட்டை உடைத்தால் உள்ளே இருக்கிறதே, அது. 'லினக்ஸ் பருப்பு' என்று எழுதினால் யார் பருப்பு எங்கே வேகவில்லை என்று கேட்பார்கள். சிலர் 'கரு' என்கிறார்கள், சிலர் 'கருனி'. இந்தக் கட்டுரையில் கெர்னல் என்றே வைத்துக்கொள்கிறேன். ராணுவ கர்னலோடு குழப்பிக்கொள்ளாமலிருந்தால் போதும்.

அது செய்யும் வேலை கல்யாண வீட்டில் பந்தியை மேற்பார்வை பார்ப்பவரின் வேலை. எந்த புரோகிராமுக்கு எவ்வளவு நினைவகம், யாருக்கு எப்போது பிராசசர், வட்டில் யார் எங்கே எழுதலாம் என்று எல்லாவற்றுக்கும் அதனிடம்தான் கேட்க வேண்டும். மற்ற புரோகிராம் ஒன்று கெட்டால் அதை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். மேற்பார்வையாளரே மயக்கம் போட்டு விழுந்தால் பந்தி முழுக்க நின்றுவிடும்.

கெர்னலைப் பெரும்பாலும் சி என்ற மொழியில் எழுதுகிறார்கள். மனிதர் எழுதிய இந்த வரிகளை பிராசசருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர் என்ற இன்னொரு புரோகிராம். எல்லாக் கோப்புகளையும் இப்படி மாற்றி, ஒன்றோடு ஒன்று கோத்து, ஓடக்கூடிய ஒரே பொருளாக ஆக்குவதை பில்ட் என்கிறார்கள். ஒரு கெர்னல் நல்லதா கெட்டதா என்பது அப்புறம். முதலில் அது பில்ட் ஆக வேண்டும். சமையல் ருசியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் அடுப்பு பற்றுகிறதா என்று பார்ப்பதுபோல.

இதில் என்ன கஷ்டம், எழுதியவரே ஒருமுறை பில்ட் செய்து பார்த்துவிட்டு அனுப்பலாமே என்று தோன்றும். செய்கிறார்கள். ஆனால் எங்கள் விசாரணை கமிஷன் கதை இங்கேயும் உண்டு. ஒருவர் ஒரு ஃபங்ஷனைத் திருத்துகிறார். முன்பு அதற்கு இரண்டு தகவல் கொடுத்தால் போதும், இனி மூன்று கொடுக்க வேண்டும். அதைக் கூப்பிடும் இடங்களையெல்லாம் தேடிப் பொறுப்பாகத் திருத்திவிடுகிறார். பில்ட் ஆகிறது. அதே வாரம் வேறொரு கண்டத்தில் இன்னொருவர் அதே ஃபங்ஷனைப் பழைய முறைப்படி கூப்பிட்டுப் புதிதாக ஒரு கோப்பு எழுதுகிறார். அதுவும் பில்ட் ஆகிறது. இரண்டு பேரும் ஒரே வரியைத் தொடவில்லை என்பதால் இருவர் வேலையையும் சேர்க்கும்போது எந்த மோதலும் கண்ணில் படாது. சேர்த்த பிறகு பில்ட் செய்தால்தான் உடைகிறது.

இன்னொரு தலைவலி, கெர்னல் என்பது ஒரே கெர்னல் அல்ல. கைக்கடிகாரத்துக்கு வேண்டியது சர்வருக்கு வேண்டாம். எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க 15,000-க்கும் அதிகமான சுவிட்சுகள் இருக்கின்றன. ஒவ்வொரு சுவிட்சையும் போடலாம் அல்லது அணைக்கலாம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் 300 சுவிட்சுகளை எத்தனை விதமாகப் போட்டு அணைக்கலாம் என்று கணக்கிட்டால், கண்ணுக்கெட்டிய பிரபஞ்சத்தில் இருப்பதாக மதிப்பிடப்படும் அணுக்களின் எண்ணிக்கையை அது தாண்டிவிடும். போதாததற்கு சுமார் 20 வகை பிராசசர் குடும்பங்கள் வேறு. 1980களின் மெக்கின்டாஷ், அமிகா கம்ப்யூட்டர்களில் இருந்த சிப்புக்குக்கூட இன்றைக்கும் கெர்னலில் இடம் உண்டு. எல்லாவற்றையும் சோதிப்பது நடக்காத காரியம். அதனால் சில தந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். எல்லா சுவிட்சையும் போட்டு ஒரு பில்ட், முடிந்தவரை எல்லாவற்றையும் அணைத்து ஒரு பில்ட், கண்ணை மூடிக்கொண்டு சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆயிரக்கணக்கான பில்ட். இந்தக் குலுக்கல் முறை மனிதர் யாரும் நினைத்தும் பார்க்காத மூலைகளைப் பிடித்துக் கொடுக்கிறது.

தினமும் பில்ட் செய்யும் பழக்கம் லினக்ஸ்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. மைக்ரோசாஃப்ட் 1993-ல் வெளியிட்ட விண்டோஸ் என்.டி.யில் 56 லட்சம் வரிகள், 40,000 கோப்புகள் என்றும், முழு பில்டுக்குப் பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து 19 மணி நேரம்வரை எடுத்துக்கொண்டன என்றும், அப்படியும் தினம் ஒரு பில்ட் என்பதை விடவில்லை என்றும் ஸ்டீவ் மெக்கானல் 1996-ல் ஒரு பத்தியில் எழுதினார். பில்டை உடைத்தவருக்குத் தண்டனைகளும் உண்டாம். சில குழுக்களில் குற்றவாளி ஆட்டுக் கொம்பு மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சிலவற்றில் 5 டாலர் அபராதம். பில்ட் ஆனதும் செய்யும் முதல் சோதனைக்குப் 'புகைச் சோதனை' என்று பெயர். புதிதாகச் செய்த மின் சாதனத்தை பிளக்கில் சொருகி, புகை வருகிறதா என்று பார்ப்பார்கள் அல்லவா, அந்தப் புகை.

ஒரே கட்டடத்தில் இருப்பவர்களுக்குக் கொம்பு மாட்டலாம். உலகம் முழுக்கச் சிதறியிருப்பவர்களுக்கு யார் மாட்டுவது? லினக்ஸில் 2008 பிப்ரவரி முதல் சேர்த்துப் படிக்கும் வேலையை ஒரு மனிதர் எடுத்துக்கொண்டார். ஆஸ்திரேலியாவின் ஸ்டீஃபன் ராத்வெல். வேலை நாட்களில் தினமும் நூற்றுக்கணக்கான பொறுப்பாளர்களின் பகுதிகளை ஒன்றன் பின் ஒன்றாக இணைப்பார். இடையிடையே பில்ட் செய்து பார்ப்பார். உடைந்தால் பொறுப்பாளருக்கு இ-மெயில் போகும். இன்றைக்கு உங்கள் பகுதியின் புதிய வடிவத்தை எடுத்துக்கொள்ளவில்லை, நேற்றையதையே வைத்திருக்கிறேன் என்று. கோபதாபம் எதுவும் இருக்காது. 2025 ஜனவரியில் இந்தப் பொறுப்பை மார்க் பிரவுனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். ஏறத்தாழ 17 வருடங்கள். எந்தப் பத்திரிகையிலும் ஒரு தலைமை உதவி ஆசிரியர் இத்தனை வருடம் இந்த வேலையை முகம் சுளிக்காமல் செய்து நான் பார்த்ததில்லை.

ஆனாலும் மனிதரால் முடிவது ஒரு நாளைக்கு இவ்வளவுதான். மீதியைச் செய்ய இயந்திரம் வந்தது. இன்டெல் நிறுவனத்தில் ஃபெங்குவாங் வூ தொடங்கிவைத்த ஏற்பாடு அது. 'பூஜ்ய நாள்' என்று பெயர். தப்பு நடந்த அன்றே, ஒரு நாள்கூட ஆவதற்குள், பிடித்துவிட வேண்டும் என்பது குறிக்கோள். டெவலப்பர்கள் தங்கள் வேலையைப் பொதுவில் வைத்திருக்கும் இடங்களை இது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். புதிதாக ஒரு திருத்தம் வந்ததும் எடுத்துக்கொண்டு போய்ப் பல பிராசசர்களுக்கு, பல சுவிட்ச் அமைப்புகளில் பில்ட் செய்யும். உடைந்தால் எந்தத் திருத்தத்தால் உடைந்தது என்று தேடும்.

தேடும் முறை அழகானது. அகராதியில் சொல் தேடுவது மாதிரி. போன மாதம் நன்றாக இருந்தது, இன்று உடைந்திருக்கிறது, நடுவே 10,000 திருத்தங்கள் என்று வைத்துக்கொள்வோம். சரி நடுவில் உள்ள ஐயாயிரமாவது நிலையை பில்ட் செய்து பார். நன்றாக இருந்தால் குற்றவாளி பின்பாதியில். உடைந்திருந்தால் முன்பாதியில். மறுபடி பாதி, மறுபடி பாதி. பதினான்கு தடவைக்குள் பத்தாயிரத்தில் ஒருவர் மாட்டிக்கொள்வார். 2005-ல் டோர்வால்ட்ஸ் இதே வேலைக்காக எழுதிய கிட் என்ற சாஃப்ட்வேரிலேயே இதற்கு வசதி இருக்கிறது.

பிறகு இயந்திரம் கடிதம் எழுதுகிறது. எந்தத் திருத்தம், எந்த கம்பைலர், எந்த சுவிட்ச் அமைப்பு, உடைந்த வரி எது, இதை உங்கள் கம்ப்யூட்டரில் மறுபடி செய்து பார்ப்பது எப்படி என்று எல்லாம் இருக்கும். கடிதம் எழுதியவருக்கு மட்டும் அல்ல, எல்லோரும் படிக்கும் பொது அஞ்சலுக்கும் போகும். சரிசெய்தால், பிழையைச் சுட்டியது இந்த இயந்திரம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள் என்று பணிவான வேண்டுகோளும் உண்டு. சேர்க்கிறார்கள். அதனால் கெர்னலின் சரித்திரத்தில் பிழைகளைச் சுட்டியவர்கள் பட்டியலை எடுத்தால், பல வெளியீடுகளில் மனிதர்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு இந்த ரோபாட் முன்வரிசையில் நிற்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது வேகம் அல்ல. நம் ஆபீஸ்களில் ஜூனியர் ஒருவர் சீனியரின் தப்பைச் சுட்டிக்காட்ட எத்தனை முன்னுரை வேண்டியிருக்கிறது! 'தப்பா நினைச்சுக்காதீங்க சார்' என்று ஆரம்பித்து, 'எனக்குத்தான் புரியலையோ என்னவோ' என்று நடுவில் ஒரு கும்பிடு போட்டு, கடைசியில் விஷயத்துக்கு வருவதற்குள் பக்கம் அச்சுக்குப் போயிருக்கும். ரோபாட் நேற்று வந்த மாணவனுக்கும் இருபது வருடப் பெரியவருக்கும் ஒரே கடிதத்தை எழுதுகிறது. வாங்குபவருக்கும் மானப் பிரச்சினை இல்லை. இயந்திரத்தோடு யார் சண்டை போடுவார்கள்?

செலவை யார் செய்கிறார்கள் என்று கேட்கலாம். லினக்ஸில் தங்கள் சிப் ஓடாவிட்டால் விற்பனை படுத்துவிடும் என்பதால் கம்பெனிகளே செய்கின்றன. இன்டெல் தன் காசில் மின்சாரம் கொடுக்கிறது. கெர்னல்சிஐ என்ற இன்னொரு அமைப்பு, பல கம்பெனிகளின் ஆய்வுக்கூடங்களில் உள்ள நிஜமான சர்க்யூட் போர்டுகளில் கெர்னலை ஏற்றிப் பார்க்கிறது. தொலைவிலிருந்தே மின்சாரத்தை அணைத்துப் போட்டு, கெர்னல் எழுந்து நிற்கிறதா என்று கவனிக்கிறது. 2019-ல் இது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் குடையின் கீழ் வந்தது.

எல்லாம் சுமுகமாகப் போகிறது என்று நினைக்க வேண்டாம். கம்பைலர் பிழையைத் தவிர எச்சரிக்கையும் கொடுக்கும். இந்த வரி சட்டப்படி சரி, ஆனால் நீங்கள் நினைத்தது இதுதானா என்று கேட்கும். பில்ட் ஆகிவிடுகிறதே என்று அவற்றை யாரும் சீண்டுவதில்லை. குவிந்துகொண்டே போகும். 2021 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து, இனி எச்சரிக்கை வந்தாலும் பில்ட் நின்றுவிட வேண்டும் என்று அமைத்துவிட்டார். சோதனை இயந்திரங்களில் மளமளவென்று பில்டுகள் உடைந்தன. கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய பிராசசர்களின் பகுதியில் வருடக்கணக்கான தூசு. எங்கள் வேலை நின்றுபோயிற்று என்று கூக்குரல். சில நாட்களிலேயே அவர் இறங்கிவந்து, சோதனைக்காகச் செய்யும் பில்டுகளுக்கு மட்டும் அது தானாக அமலாகும் என்று மாற்றினார். எனக்கு இரு தரப்பிலும் நியாயம் தெரிகிறது. ஆனால் புலம்பியவர்கள் அந்த எச்சரிக்கைகளைத் தாங்களாக எப்போது படித்திருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் டெஸ்கிலும் ஸ்பெல்செக்கர் போடும் சிவப்புக் கோட்டுக்கு அந்த கதிதான்.

இந்த விஷயத்தில் என்னை உலுக்கியது 2023 டிசம்பரில் நடந்தது. புதிய கெர்னல்களில் செய்யும் திருத்தங்களில் அவசியமானவற்றை, ஏற்கனவே மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பழைய கெர்னல்களுக்கும் கொண்டுபோவார்கள். புதுப் பதிப்பில் சரிசெய்த பிழையைப் பழைய பதிப்பின் மறு அச்சிலும் சரிசெய்வதுபோல. 6.1 என்பது அப்படிப் பராமரிக்கப்படும் ஒரு பழைய வரிசை. அதன் 6.1.64 என்ற வடிவம் நவம்பர் கடைசியில் வெளியாயிற்று. உள்ளே பல நூறு திருத்தங்கள். அதில் ஒன்று, எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறையைப் பற்றியது. நல்ல திருத்தம்தான். ஆனால் புதிய கெர்னலில் அதற்கு முன்னால் இன்னொரு திருத்தம் நடந்திருந்தது. அது இருந்தால்தான் இது சரியாக வேலை செய்யும். பழைய வரிசைக்கு இரண்டாவது மட்டும் போயிற்று. முதலாவது போகவில்லை.

விளைவு, வட்டுக்கு நேரடியாக எழுதும் ஒருவகை புரோகிராம்களுக்கு, கோப்பில் அடுத்து எழுத வேண்டிய இடத்தைக் குறிக்கும் எண் நகர வேண்டிய நேரத்தில் நகரவில்லை. இங்கே எழுத வேண்டியது அங்கே போய் விழுந்தது. கெர்னல் மயங்கி விழவில்லை. எந்தச் சத்தமும் இல்லை. உங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒருவர் ராத்திரி வந்து சில வரிகளை இடம் மாற்றி எழுதிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்?

இது எல்லா இயந்திரங்களிலும் பில்ட் ஆயிற்று. புகையும் வரவில்லை. ஆனால் யாருக்குமே தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. பழைய வரிசைகளின் புதிய வடிவங்களை வெளியிடுமுன் சோதனை செய்பவர்கள் அனுப்பும் கடிதங்களில், கோப்பைப் படிக்கும் எழுதும் சோதனைகளில் சில தோற்கின்றன என்ற தகவல் வந்திருந்தது. இயந்திரம் தன் வேலையைச் செய்திருந்தது. அந்தத் தோல்விக்கு என்ன அர்த்தம், இது வெறும் சோதனையின் கோளாறா, மக்களின் கோப்புகள் கெடும் விவகாரமா என்று கோப்பு முறை வல்லுநர் ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொன்னது டிசம்பர் முதல் வாரத்தில். அதற்குள் வெளியீடு போய்விட்டது.

அன்றைக்கு அந்த அஞ்சலில் எத்தனை கடிதங்கள் வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். வெற்றி, வெற்றி, வெற்றி என்று வரிசையாக வந்துகொண்டிருக்கும் அறிக்கைகளுக்கு நடுவே ஒரு தோல்வி. அதைப் படிக்கும் மனிதருக்கு அடுத்த வாரம் இன்னொரு நூறு திருத்தங்கள் காத்திருக்கின்றன. சோதிக்கும் இயந்திரங்களின் எண்ணிக்கை வருடா வருடம் கூடுகிறது. அவை எழுதும் கடிதங்களை நிதானமாகப் படித்து அர்த்தம் சொல்லக்கூடியவர்கள் சிலர்தான். இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்க முன்வரும் கம்பெனிகள், படிப்பவருக்குச் சம்பளம் கொடுக்க அதே ஆர்வத்தைக் காட்டுவதில்லை என்பது கெர்னல் பொறுப்பாளர்களின் நெடுநாளைய குறை. இதைப் படித்தபோது எனக்கு வேற்றூர்ச் செய்தியாகத் தோன்றவில்லை.

டெபியன் என்ற அமைப்பு லினக்ஸைத் தொகுத்து உலகம் முழுக்க லட்சக்கணக்கான சர்வர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறது. அதன் 12.3 என்ற வெளியீடு 2023 டிசம்பர் 9, சனிக்கிழமை வருவதாக இருந்தது. அதில் வைத்திருந்தது 6.1.64 கெர்னல். அன்றைக்கே வெளியீட்டை நிறுத்தினார்கள். யாரும் இப்போது எதையும் புதுப்பிக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். ஆனால் பல சர்வர்கள் புதிதாக எது வந்தாலும் ராத்திரியில் தானாகவே இறக்கிப் போட்டுக்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை. அவற்றைப் பராமரிப்பவர்களில் சிலர் அந்த வார இறுதியை, எது வந்து சேர்ந்தது, எது சேரவில்லை என்று பார்ப்பதிலேயே கழித்திருப்பார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, திருத்திய கெர்னலோடு டெபியன் 12.4 வெளியாயிற்று.